ஈகையும் இலவசமும்



கோதையாறு பாறைகளின்மீது பரந்து விழும் திற்பரப்பில் நான் குடியேறி நெடுங்காலம் ஆயிற்று. வந்தவாசி வட்டாரச் சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டு இத்தென்கோடிக்கு வந்த எனக்கு, நம்மவர் எவரும் அருகில் இல்லையே என்னும் தனிமை தொடக்கத்தில் இருந்தது. அதனைப் போக்கியது சிதறால் மலை. பண்டைக்காலத்தில் திருச்சாரணத்துமலை என்று வழங்கிய அம்மலையின் பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் அமைதியாக வீற்றிருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேரயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணவியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் அம்மலைத் தேவிக்குப் பொன்னணி அளித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு ஒன்று கூறுகிறது. குரத்தி என்பது பெண்ணாசிரியரைக் குறிக்கும் சொல். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஓர் ஆசிரியையின் கொடை, இன்று ஓய்வுபெற்ற ஆசிரியையாகிய என்னை ஒரு கேள்வி கேட்கிறது: கொடுத்தல் என்பது யாது?

இக்கேள்வி என் வாழ்வில் கூர்மை பெற்ற நிகழ்ச்சியை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு பொங்கலுக்குத் தமிழக அரசு அரிசி அட்டை வைத்திருந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,500 ரூபாய் வழங்கியது. என் ஓய்வூதியம் எனக்குப் போதுமானது. ஆயினும் வில்லை கைக்கு வந்தவுடன் நானும் நியாயவிலைக் கடை வரிசையில் நின்றேன். பெற்ற தொகையை, என் வீட்டில் உதவிக்கு வரும் பெண்ணிடம் அவள் மகளின் படிப்புக்கென்று கொடுத்தேன். ஒரு தானம் செய்த நிறைவோடு அன்றிரவு உறங்கினேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன்பு ஒருநாள் அவள் வந்து, இரவில் யாரோ வீடுவீடாகப் பணம் கொடுத்துச் சென்றதாகவும், தான் வாங்கிக்கொண்டதாகவும் இயல்பாகச் சொன்னாள். எனக்குச் சினம் மிகுந்தது. வாக்கை விற்பது தன்னையே விற்பதாகும் என்று வகுப்பறையில் பேசுவதைப்போல் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அது அவிய வீட்டுப் பைசாவா டீச்சர்? நம்ம பைசாதானே திரும்பி வருது. நீங்களும் வரிசையில நின்னீங்கல்லா?”

எனக்கு விடை வரவில்லை. அவ்விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் ஆகமநெறி தானத்திற்கு மிகத் தெளிவான இலக்கணம் வகுத்துள்ளது. உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், பிறர் நன்மைக்காகத் தன்னுடைய பொருளைத் துறப்பதே தானம் என்று காட்டுகிறது. கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்னும் நான்கின் தன்மைக்கேற்பத் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்றும் அந்நூல் கூறுகிறது. இவ்விலக்கணத்தில் ‘தன்னுடைய’ என்னும் ஒரு சொல்லே என் நிறைவைத் தகர்த்துவிட்டது. நான் கொடுத்த 2,500 ரூபாய் என்னுடையதன்று. ஊரார் செலுத்திய வரியிலிருந்து, தேவையில்லாத நான் பெற்று, தேவையுள்ள ஒருத்திக்குக் கைமாற்றிவிட்டு, நன்றியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இது தானமாகாது.

எனக்குப் பொருந்தும் இவ்வளவுகோல் அரசுக்கும் பொருந்தும். அரசின் கருவூலம் அமைச்சரின் பெட்டியன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகிறான். ஆதலின் அரசு மக்களுக்கு அளிப்பது ஈகை அன்று, அது பங்கீடு. பங்கீடு முறையாக நடந்தால் அதற்குப் பெயர் கடமை; பெறுபவர்க்கு அஃது உரிமை. இதனை ‘இலவசம்’ என்று ஏசுவோரும் தவறு செய்கின்றனர். ‘நான் கொடுத்தேன்’ என்று மார்தட்டுவோரும் தவறு செய்கின்றனர்.

நம் நாட்டு வரலாறு இதற்குச் சான்று. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநில அளவில் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கியபோது, அது வெறும் கவர்ச்சித் திட்டம் என்று எள்ளியவர் பலர். ஆசிரியர் அறையில் அவ்வாறு பேசியவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் பசியால் பத்து மணிக்கே தலைசாய்ந்துவிடும் பிள்ளைகள், உணவு வந்தபின் நிமிர்ந்து அமர்ந்ததை என் கண்களே கண்டன. 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென ஆணையிட்டது. ஒருகாலத்தில் கவர்ச்சி என்று தள்ளப்பட்டது பிறிதொரு காலத்தில் குழந்தையின் உரிமையாயிற்று. எனவே எல்லா இலவசங்களையும் ஒரே சொல்லால் பழிப்பது அனேகாந்தம் கற்ற நமக்கு அழகன்று. ஒவ்வொன்றையும் அந்நான்கு அளவுகோல்களால் அளக்க வேண்டும்.

முதலாவது பொருள். நம் மரபு உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என நால்வகைத் தானங்களை உயர்த்திப் பேசும். பள்ளி உணவும், பாடநூலும், மருத்துவமனையும் இவற்றுள் அடங்கும். 2006இல் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தருவதாக வாக்களித்து வென்றது, 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தருவதாக வாக்களித்து வென்றது. ஆட்டுக்கல்லின்முன் கழிந்த பெண்களின் மணிக்கணக்கான உழைப்பை அறிந்தவள் ஆதலால், கிரைண்டரைப் பழிக்க என் நா எழவில்லை. தொலைக்காட்சியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

பொருளைப்போலவே அது வந்த வழியும் ஆராயத்தக்கது. கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குவது இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும். 2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. அண்மை ஆண்டுகளில் அதனால் வந்த வருவாய் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கணவனிடமிருந்து இரவில் எடுப்பதை மனைவிக்குப் பகலில் கொடுத்துவிட்டு வாழ்த்துப் பெறுவது எவ்வகை அறம்? 2015 ஜூலை 31ஆம் நாள், சேலத்துக் காந்தியர் சசிபெருமாள், இக்குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தின்மீது ஏறிப் போராடியபோது உயிர் நீத்தார். தம் உயிரைப் பணயம் வைக்கும் போராட்டமுறை நமக்கு உடன்பாடாயினும் இல்லையாயினும், அவர் எழுப்பிய கேள்வியை நாம் கடந்து செல்ல இயலாது.

இரண்டாவது முறை. பள்ளிச் சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. சிறிய செயல்தான்; ஆயினும் பெறுபவரின் உள்ளத்தை மதிக்கும் முறை அதில் இருக்கிறது. இதற்கு மாறாக, மக்கள் பணத்தில் வாங்கிய பைமீதும் பெட்டிமீதும் தலைவர்களின் படம் அச்சிடப்படும்போது, அம்முறையில் கள்ளாமையும் பொய்யாமையும் ஒருசேரப் பழுதுபடுகின்றன. பிறர் பொருளால் தன் புகழை வாங்குவது நுண்ணிய களவேயாகும்.

மூன்றாவது பெறுபவர். தகுதியில்லாமல் வரிசையில் நின்ற என்னைப்போன்றோரை முதலில் சொல்லிவிட்டேன். வரிசையில் நிற்காமலே பெறுவோரும் உளர். 2019 செப்டம்பரில் நடுவண் அரசு, பிற சலுகைகளைக் கைவிடும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அடிப்படை வருமானவரியை 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. தொழில் பெருகினால் வேலை பெருகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அக்காரணத்தை எள்ளி நகையாட நான் துணியேன். ஆனால் செல்வர்க்குக் கொடுத்தால் ‘ஊக்கம்’ என்றும் வறியர்க்குக் கொடுத்தால் ‘இலவசம்’ என்றும் இரு சொற்கள் வழங்குவது ஏன்? துலாக்கோலின் இரு தட்டும் ஒரே நூலில் தொங்க வேண்டாவா?

நான்காவது கொடுப்பவர். நம்மவரிடையே குப்ததானம் என்றொரு வழக்கம் உண்டு. பெயர் தெரியாமல் கொடுப்பவர் புகழாசையையும் உடன் துறக்கிறார். ஆதலின் அக்கொடை உயர்ந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரங்களும் கொடுப்பவர் பெயரைப் பொதுமக்களிடமிருந்து மறைத்தன. ஆனால் அம்மறைவில் துறவு இல்லை. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று அறிந்தாலன்றோ, பின்னர் எந்தச் சலுகை எவர்க்குச் சென்றது என்று மக்கள் கேட்க முடியும்? வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானது என்று 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்திட்டத்தை நீக்கியது. ஆக, நம் காலத்து அரசியலின் நோயை ஒரு வரியில் கூறலாம்: பெயர் தெரிய வேண்டிய இடத்தில் அது மறைக்கப்படுகிறது; மறைய வேண்டிய இடத்தில் அது பொறிக்கப்படுகிறது.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டார் மக்கள் கவர்ச்சி அரசியல் என்று இன்று இகழும் சொல்லின் வேர் நல்ல மண்ணில் முளைத்தது. 1892இல் அமெரிக்க உழவர்கள் சேர்ந்து மக்கள் கட்சி ஒன்றை வளர்த்தனர். வருவாய் மிக மிக வரி கூடவேண்டும், இரயில் பாதைகள் பொதுவுடைமையாக வேண்டும் என்பன அவர்கள் வேண்டுகோள்கள். வங்கிகளாலும் இரயில் முதலாளிகளாலும் நலிந்தவர்கள் நீதி கேட்டதில் குற்றம் காண இயலாது. ஆனால் நூற்றாண்டு கடந்தபின், 2016இல் அதே நாட்டில் பெருஞ்செல்வரான திரு. டொனால்டு டிரம்ப், எளிய மக்களின் குரல் தாமே என்று கூறித் தேர்தலில் வென்றார். மக்களின் துயரம் உண்மையானது. அத்துயரத்திற்கு உரிமை கொண்டாடுபவர் மாறிவிட்டார்.

செல்வத்திற்கும் சமயத்திற்கும் உள்ள உறவும் அவ்வாறே திரிந்தது. செருமானிய அறிஞர் மாக்ஸ் வெபர், 1904-05ஆம் ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற ஆராய்ச்சியில், சீர்திருத்தக் கிறித்தவரின் கடும் உழைப்பும் சிக்கனமும் புலனடக்கமும் முதலாளியத்தின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்தன என்றும், காலப்போக்கில் அடக்கம் மறைந்து பொருளீட்டல் மட்டும் எஞ்சியது என்றும் விளக்கினார். வணிகரான சமணரைப் பற்றியும் அவர் பிறிதொரு நூலில் ஆராய்ந்துள்ளார். ஆதலின் இது நம்மையும் நோக்கிய சொல்லே. நாணயமும் சிக்கனமும் செல்வத்தைக் கொணரும். செல்வம் வந்தபின் அளவு காப்பது எது? அதற்காகவன்றோ ஐந்தாவது அணுவிரதமாக மிகுபொருள் விரும்பாமை வைக்கப்பட்டது! முனிவர்க்கு முற்றத் துறத்தலும் இல்லறத்தார்க்கு அளவு வகுத்தலும் விதிக்கப்பட்டன. இவ்வளவுச் சிந்தனை அரசியலையும் தொட்டதுண்டு. 1891இல் மும்பையில் இளைஞர் காந்தி சந்தித்த சமண அறிஞர் ஸ்ரீமத் ராஜசந்திரர் வைர வணிகராகவும் வாழ்ந்தவர். பற்றற்ற அவருடைய வாழ்க்கை காந்தியடிகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. செல்வர் தம் செல்வத்தின் உரிமையாளர் அல்லர், அறங்காவலரே என்று காந்தியடிகள் பிற்காலத்தில் வற்புறுத்தினார்.

சமயத்தை வாழ்வது வேறு. சமயத்தைக் கையில் தூக்கிக் காட்டுவது வேறு. 2020 ஜூன் 1ஆம் நாள், வாசிங்டன் நகரில் கிளர்ச்சியாளர்களை வெளியேற்றியபின், திரு. டிரம்ப் ஒரு தேவாலயத்தின்முன் விவிலிய நூலைத் தூக்கிப் பிடித்து நின்றார். அதனைக் கண்டித்தவர் அத்தேவாலயம் அடங்கிய மறைமாவட்டத்தின் ஆயரே. சமயத்தின் உண்மையான காவலர், தம் சமயம் கருவியாக்கப்படும்போது முதலில் வாய்திறப்பவரே என்பதை அவ்வம்மையார் காட்டினார்.

இம்மாவட்டத்தாருக்கு இப்பாடம் தொலைவில் இல்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட பூசலும் துப்பாக்கிச் சூடும் உயிர்களைப் பறித்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் மீனும் தேங்காயும் மாற்றிக்கொண்ட மக்கள் ஒருவரையொருவர் அஞ்சிய நாள்கள் அவை. அச்சம் இருக்குமிடத்தில் வாக்குச் சேகரிப்பது எளிது. நம் சட்டம் இவ்வுண்மையை அறிந்தே வகுக்கப்பட்டுள்ளது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, வாக்குக்குக் கையூட்டுக் கொடுப்பதையும் சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதையும் ஒரே பட்டியலில் முறைகேடுகளாக வைத்துள்ளது. 2017 சனவரி 2ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, நால்வர் பெரும்பான்மையால், வேட்பாளரின் சமயம் மட்டுமின்றி வாக்காளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பதும் தவறே எனத் தெளிவாக்கியது. கையூட்டு வயிற்றை விலைபேசுகிறது. மதவேண்டுகோள் அச்சத்தை விலைபேசுகிறது. இரண்டும் மனிதனின் சிந்தனையைத் துயிலவைப்பதால் ஒரே குற்றத்தின் இரு முகங்களாகின்றன.

இனி, என் வீட்டுப் பெண்ணின் வாதத்திற்கு வருகிறேன். “நம்ம பைசாதானே” என்றாள். அவள் சொல் அரசுத் திட்டத்தைப் பொறுத்தவரை முழுதும் உண்மை. அதை அவள் கூசாமல் பெறலாம். ஆனால் இரவில் வந்த உறைக்கு அச்சொல் பொருந்தாது. நம் பணமாக இருந்தால் அது பகலில் வரும், கணக்கோடு வரும், எவருக்கு வாக்களித்தவராயினும் அவருக்கும் வரும். பள்ளியில் சோறு போடும்போது ‘உன் தந்தை யார் கட்சி?’ என்று கேட்பதில்லை. இரவு உறைக்குள் அக்கேள்வி ஒளிந்திருக்கிறது. கொடுத்தவர் அத்தொகையைத் துறந்து கொடுக்கவில்லை, விதைத்துச் சென்றிருக்கிறார். அவர் அறுவடை செய்யப்போவது நம் வயலில்.

இவ்விடையைக் கண்டபின் அவளிடம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். முதலில் என் அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்ற விண்ணப்பித்தேன். பின்னர் அவளை அமரவைத்து, “அன்று உன்னைக் கடிந்தது தவறு. தேவையில்லாமல் வரிசையில் நின்றவள் நான். அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு உன்னிடம் நன்றி எதிர்பார்த்தவளும் நான்” என்றேன். அவள் சிறிதுநேரம் பேசாதிருந்து, “அதுக்கு இப்பம் என்ன டீச்சர், பிள்ளை படிச்சுட்டாள்லா” என்றாள். இரவு உறையைப் பற்றி நான் கண்ட விடையையும் சொன்னேன். அவள் ஏற்றுக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அவள் கணவனுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லாத நாள்கள் பல. பசியோடிருப்பவரிடம் விரதம் பேசுவதற்குமுன், அப்பசிக்கு நாம் செய்தது என்ன என்று கேட்டுக்கொள்வதே முறை.

நம் சமூகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். பைமீது தலைவர் படம் இருப்பதைக் கண்டு நகைக்கிறோம். நம் சினாலயத்துக் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தைப் பாதி மறைப்பதைக் கண்டு ஏன் நகைப்பதில்லை? குணந்தாங்கிக் குரத்திகளின் பெயரும் கல்லில்தானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அக்கல்வெட்டு யாருடைய ஆட்சியில், எந்த ஆசிரியரின் மாணவி, எப்பொருளை, எவர்க்கு அளித்தார் என்று கூறி நின்றுவிடுகிறது. தன் ஆசிரியரின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்யும் பணிவு அதில் உள்ளது. அது விளம்பரமன்று, பின்வருவோர் சரிபார்ப்பதற்கான கணக்கு. அரசுகளிடமும் கட்சிகளிடமும் நாம் கேட்கவேண்டியதும் அத்தகைய கணக்கே.

ஆகவே இனி வரும் ஒவ்வொரு தேர்தலிலும், ஒவ்வொரு வாக்குறுதியின் முன்னும் நான்கு கேள்விகளைக் கேட்போம். இது யாருடைய பொருள்? எவ்வழியில் வந்தது? எம்முறையில் கொடுக்கப்படுகிறது? தகுதியுடையார்க்குச் சேர்கிறதா? இதே கேள்விகளை நம் கொடைகளின் முன்னும், நம் வரிசைகளிலும் கேட்டுக்கொள்வோம். ஓர் ஓய்வூதியக்காரி தனக்குத் தேவையில்லாத ஒரு வரிசையிலிருந்து விலகி நின்றால் அரசியல் மாறிவிடாது. ஆயினும் அடுத்த முறை அப்பெண் என்னிடம் கேள்வி கேட்கும்போது, அவள் முகத்தை நேராகப் பார்த்து என்னால் விடை கூற முடியும். எனக்கு இப்போதைக்கு அதுவே போதும்.

அறம் வெல்க!